வீட்டுப் பூனையின் சலப்பை அழற்சியும் சலவடைப்பும்

நெல்லை விளைவிப்பது ஒரு பாடு. விளைந்த நெல்லைக் காப்பது மற்றொரு பாடு. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று முதலிய கரையோர ஊர்களில் வயல்கள் மேற்கேயும், வீடுகள் கடலை அடுத்துக் கிழக்கேயும் அமைந்துள்ளன. பெரும்போக அறுவடை முடிந்ததும், விதைநெல்லும் வீட்டுத் தேவைக்கான நெல்லும் மூடைகளாக வீட்டை வந்தடைகின்றன. அம்மூடைகளை எலி தொடாது காப்பதிற் பூனைக்கும் ஒரு பங்குண்டு. பெருச்சாளியை எதிர்க்க எல்லாப் பூனையும் துணிவதில்லை. ஆயினும் சுண்டெலியையும் எலிக்குஞ்சுகளையும் பிடிப்பதிற் பூனை வல்லது.

முன்னர் பூனை வளவெங்கும் திரிந்தது. வேலியோரத்து மணலிற் சலமலம் கழித்தது. வேண்டாத பூனையைக் கண்டால் மதிலேறி ஒதுங்கியது. இன்று நிலைமை மாறியுள்ளது. 2004 ஆம் ஆண்டு திசெம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலையில் கடலோரத்து வளவுகளை இழந்த குடும்பங்கள் பல, புதிய வீட்டுத்திட்டங்களுக்குக் குடிபெயர்ந்தன. அவற்றுட் சில மாடிவீடுகளாகும். ஏனைய இடங்களிலும் வீடுகள் சுவரோடு சுவர் நெருங்கிவிட்டன. வீதியில் வாகனம் பெருகிவிட்டது. ஆகவே, பூனையை வீட்டினுள்ளேயே அடைத்து வளர்ப்போர் தொகை கூடியுள்ளது.

இவ்வாறு வளரும் பூனை ஒருநாள் திடீரென நெல்மூடையின்மீதோ பாயின்மீதோ சலம் கழித்துவிடுகின்றது. வீட்டார் அதனை அடிக்கின்றனர். மறுநாளும் அவ்வாறே நிகழ்ந்தால், அதனைச் சாக்கிலிட்டுத் தொலைவிற் கொண்டுபோய் விட்டுவிடுகின்றனர். அச்சலத்தில் இரத்தம் கலந்திருந்ததா என்று பார்ப்போர் சிலரே. பெரும்பாலும் இது பூனையின் குறும்பு அன்று. சலப்பையில் உண்டான நோயின் அடையாளம். இந்நோயின் இயல்பையும், அதனைத் தணிக்கும் வழிகளையும், உயிராபத்து நேரும் தறுவாயை அறியும் முறையையும் விளக்குவதே இப்பிரசுரத்தின் நோக்கமாகும்.

நோயின் இயல்பு

சலம் தங்கும் பையாகிய சலப்பையின் உட்சுவர் சிவந்து வீங்கி நோவெடுப்பதே சலப்பை அழற்சியாகும். மனிதரிடத்து இது பெரும்பாலும் பற்றீரியாக் கிருமிகளால் உண்டாகின்றது. ஆதலாற் பூனைக்கும் கிருமிநாசினி மருந்து கொடுத்தாற் போதுமெனப் பலர் எண்ணுகின்றனர். 10 வயதுக்குக் குறைந்த பூனைகளைப் பொறுத்தவரை இவ்வெண்ணம் பெரும்பாலும் தவறானது. அவற்றின் சலத்தைச் சோதித்தால் அநேகமாகக் கிருமி காணப்படுவதில்லை. சிலவற்றிற் கற்களோ சளியடைப்போ இருக்கும். பாதிக்கு மேற்பட்டவற்றில் இவை எவையும் இரா. அத்தகைய அழற்சி பூனையின் மனக்கலக்கத்தோடு நெருங்கிய தொடர்புடையது என்பதை ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர்.

நெற்பயிர் மஞ்சளிக்கும்போது நைதரசன் குறைவு காரணமாயிருக்கலாம். நாகச் சத்தின் குறைவோ, நீர் வடியாமையோ காரணமாயிருக்கலாம். காரணத்தை ஆராயாது பூச்சிநாசினியைத் தெளிப்பவர் பணத்தை இழப்பார், பயிரும் தேறாது. கிருமியில்லாத சலப்பைக்குக் கிருமிநாசினி கொடுப்பதும் அத்தகையதே.

இந்நோயில் மற்றொரு மயக்கமும் உண்டு. அடைப்பு இல்லாத பூனைகளிற் பெரும்பாலானவற்றுக்கு நோவு ஏறத்தாழ ஒரு வாரத்திற் தானாகவே தணிந்துவிடும். ஏழு நாளில் தானே தணியும் நோய்க்கு ஆறாம் நாள் கொடுத்த மருந்து பெயர் பெற்றுவிடுகின்றது. காரணம் நீங்காமையால், சில மாதங்களில் நோய் மீண்டும் வருகின்றது.

மனக்கலக்கம் சலப்பையைத் தாக்கும் விதம்

சலப்பையின் உட்புறத்தை மெல்லிய காப்புப் படை ஒன்று மூடியுள்ளது. சலத்திலுள்ள உப்புக்களும் ஏனைய கழிவுகளும் சுவரிலே படாது தடுப்பது அப்படையின் தொழில். வரப்பு உறுதியாக உள்ளவரை நீர் தன் பாத்தியில் நிற்கும். நண்டு துளையிட்டால் அடுத்த பாத்திக்குக் கசியும். அதுபோல, இந்நோயுள்ள பூனைகளிற் காப்புப் படை மெலிந்திருப்பதாற் கழிவுகள் சுவரினுட் கசிந்து, அங்குள்ள நரம்புகளை உறுத்துகின்றன.

அச்சம் நேரும்போது எந்த விலங்கின் உடலும் ஓடுவதற்கோ எதிர்ப்பதற்கோ ஆயத்தமாகின்றது. அச்சம் நீங்கியதும் அமைதி திரும்ப வேண்டும். இந்நோய்க்கு ஆளாகும் பூனைகளில் அந்த ஆயத்த நிலை எளிதில் அடங்குவதில்லை. நரம்புகள் ஓயாது தூண்டப்பட்டிருக்க, அவற்றைத் தணிப்பதற்குச் சிறுநீரகங்களின் மேலுள்ள சுரப்பிகள் போதிய அளவு சுரப்பதில்லை. அத்தூண்டுதல் சலப்பையையும் எட்டி அழற்சியை உண்டாக்குகின்றது.

2 முதல் 7 வயது வரையுள்ள பூனைகள், வீட்டினுள்ளே அடைபட்டவை, உடல் பருத்தவை, உலர்ந்த தீனியை மட்டும் உண்பவை, வேறு பூனைகளோடு ஒத்துப்போகாதவை ஆகியன இந்நோய்க்கு எளிதில் ஆளாகின்றன. நலமடித்த பூனைகளில் இது சற்று மிகுதியாகக் காணப்படினும், அதற்கென நலமடித்தலைத் தவிர்க்க வேண்டியதில்லை. அவற்றின் உடல் பருக்காது பார்த்துக்கொள்வதே தக்கது.

அறிகுறிகள்

1. சலம் கழிக்க அடிக்கடி குந்துதலும், ஒவ்வொரு முறையும் சிறிதளவே கழித்தலும்.
2. சலம் கழிக்கும்போது முக்குதலும் கத்துதலும்.
3. சலம் இளஞ்சிவப்பாகவோ இரத்தம் கலந்தோ காணப்படுதல்.
4. வழக்கமான இடத்தை விட்டு நிலம், பாய், சாக்கு முதலியவற்றிற் கழித்தல்.
5. பின்புறத்தை இடைவிடாது நக்குதல்.
6. ஒளிந்திருத்தல், தீனியில் நாட்டம் குறைதல்.

எலிப்பாஷாணம் வைத்த வீடாயின் மேலும் ஒன்றைக் கருத்திற் கொள்ள வேண்டும். சிலவகை எலிப்பாஷாணங்கள் இரத்தம் உறையாது தடுப்பவை. அவற்றையோ, அவற்றைத் தின்ற எலியையோ உண்ட பூனைக்கும் சலத்தில் இரத்தம் தோன்றலாம். முரசிலோ மூக்கிலோ இரத்தம் கசிந்தால், பாஷாணத்தின் உறையையும் எடுத்துக்கொண்டு உடனே கால்நடை வைத்தியரிடம் செல்ல வேண்டும். 10 வயதுக்கு மேற்பட்ட பூனைகளிற் கிருமித் தொற்று, சிறுநீரக நோய், நீரிழிவு ஆகியன இருத்தல் கூடுமாதலால், அவற்றை வைத்தியர் சோதித்தல் இன்றியமையாதது.

கடுவன் பூனையின் சலவடைப்பு

இப்பிரசுரத்தில் ஏனைய யாவற்றையும் மறந்தாலும் இப்பகுதியை மறத்தலாகாது. பெட்டைப் பூனையின் சலவழி குறுகிய நீளமும் போதிய அகலமும் உடையது. கடுவனின் சலவழியோ நீண்டு, நுனியில் மிக ஒடுங்கியுள்ளது. அழற்சியினால் உண்டாகும் சளியும், சலத்திலுள்ள நுண்ணிய பளிங்குகளும் திரண்டு அந்நுனியை அடைத்துவிடலாம். வழி வீங்கி மூடிக்கொள்வதும் உண்டு.

அடைபட்ட கடுவன் மீண்டும் மீண்டும் குந்தும்; ஒரு துளியும் வாராது. நோவினாற் கத்தும், ஆணுறுப்பை நக்கும். சில மணி நேரத்தில் தீனியை வெறுக்கும். பின்னர் வாந்தியெடுத்துச் சோர்ந்து படுத்துவிடும். அடிவயிற்றிற் தோடம்பழம் போன்ற கடினமான உருண்டை தட்டுப்படலாம். வெளியேற வேண்டிய நஞ்சும் பொற்றாசியமும் இரத்தத்திற் பெருகி இதயத்தைத் தாக்குகின்றன. கவனியாது விட்டாற் சில நாட்களுள் மரணம் நிச்சயம். முதல் நாளிலேயே கொண்டுசென்ற பூனை பெரும்பாலும் பிழைத்துவிடும்.

பூனை முக்குவதைக் கண்டு மலச்சிக்கல் என எண்ணி ஆமணக்கெண்ணெய் கொடுப்பவர், கிடைத்த நேரத்தை வீணாக்குகின்றனர். பூனை சலம் கழிக்கும் மணலைப் பார்த்தாற் சந்தேகம் தீரும். மணல் நனையாதிருக்கக் கடுவன் குந்திக்கொண்டேயிருப்பின் அது சலவடைப்பு என்றே கொள்ள வேண்டும். வயிற்றை அமுக்கிச் சலத்தை வெளியேற்ற முயலுதல் கூடாது, சலப்பை வெடித்துவிடக்கூடும். காற்றோட்டமுள்ள பெட்டியிலோ கூடையிலோ வைத்து, அண்மையிலுள்ள அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்கோ தனியார் கால்நடை வைத்தியரிடமோ அன்றே கொண்டுசெல்ல வேண்டும். வைத்தியர் பூனையை மயக்கி, மெல்லிய குழாயைச் செலுத்திச் சலத்தை இறக்குவார். இரத்தக் குழாய் வழியாக உப்புநீர் ஏற்றுவார். அடைப்பு நீங்கிய பின்னரும் சில நாட்கள் கவனமாயிருத்தல் வேண்டும். மீண்டும் அடைபடுவது அரிதன்று.

நோயைத் தூண்டும் சந்தர்ப்பங்கள்

ஐக்கிய அமெரிக்காவின் ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் 32 பூனைகளை 77 வாரங்கள் அவதானித்து, 2011 ஆம் ஆண்டில் முடிவுகள் வெளியிடப்பட்டன. தீனி கொடுக்கும் நேரம் பிந்துதல், பழகியவருக்குப் பதிலாகப் புதியவர் பராமரித்தல் போன்ற சிறு மாற்றங்கள் நேர்ந்த வாரங்களிற் பூனைகள் உண்பது குறைந்தது. கண்ட இடத்திற் கழிப்பது கூடியது. நோயுள்ள பூனைகள் மட்டுமன்றி நலமான பூனைகளும் அவ்வாறே நடந்தமை கருதத்தக்கது.

கரையோரக் கமக்காரரின் இல்லங்களில் இத்தகைய மாற்றங்கள் ஆண்டுதோறும் நேர்கின்றன. விதைப்பிலும் அறுவடையிலும் ஆண்கள் வயல் வாடியிலே தங்க நேரிடும். நெல்மூடைகள் வந்திறங்கும்போது, பூனை உறங்கிய மூலையும் சலம் கழித்த இடமும் மறைந்துபோகும். நோன்பு மாதத்தில் வீட்டின் உணவு நேரம் முழுவதும் மாறும். பெருநாளுக்கும் கலியாணத்துக்கும் விருந்தினர் நிறைவர், வெடியோசையும் எழும். மாரியில் யன்னல்கள் நாட்கணக்கில் மூடிக்கிடக்கும். யன்னலின் வெளியே அயற்பூனை வந்து உறுமினாலும் உள்ளேயிருக்கும் பூனைக்கு ஒளிய இடமிராது. வீட்டார்க்கு இவை சிறியன. நான்கு சுவருக்குள் வாழும் பூனைக்கோ அவ்வீடே உலகமாகும்.

வீட்டிற் செய்ய வேண்டியவை

பூனையை அடைத்துவைத்து, உணவும் கொடாது, தானே இரைதேட விடவும் செய்யாத பெண்ணைக் கண்டித்த நபிமொழியை இவ்வூர்களில் அறியாதார் இலர். அடைத்து வளர்ப்பவருக்குப் பொறுப்பு அதிகம் என்பது அதனாற் தெளிவாகின்றது. பூனை வெளியே தானாகத் தேடிக்கொண்ட யாவற்றையும் வீட்டினுள்ளே வீட்டார் தேடிக்கொடுத்தல் வேண்டும்.

நீரும் தீனியும்: சலம் நீர்த்திருந்தால் உறுத்தல் குறையும், ஆதலாற் பூனை மிகுதியாக நீர் அருந்துமாறு செய்தல் முதன்மையானது. 1999 ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், ஈரத்தீனி உண்ட 18 பூனைகளில் 16 பூனைகளுக்கு ஓராண்டு வரை நோய் திரும்பவில்லை; அதேவகை உலர்தீனி உண்ட 28 பூனைகளில் 17 மட்டுமே அவ்வாறு தப்பின. கடலருகே வாழ்வோர்க்கு ஈரத்தீனி அரிதன்று. உப்பு, மிளகாய், வெங்காயம் சேராது மீனை அவித்து, முள்ளை நீக்கி, அவித்த நீரோடு கொடுக்கலாம். மீனை மட்டுமே எந்நாளும் கொடாது, கோழியிறைச்சியையும் ஈரலையும் இடையிடையே சேர்த்தல் நன்று. சோற்றை மட்டும் உண்டு பூனை நலமாக வாழமாட்டாது. கருவாடு உப்பு மிக்கதாகையால் விலக்க வேண்டும். அகன்ற பீங்கானில் நாள்தோறும் புதுநீர் ஊற்றித் தீனிக்குச் சற்று அப்பால் வைத்தல் வேண்டும். உலர்தீனிக்குப் பழகிய பூனையை ஒரேநாளில் மாற்றாது, ஓரிரு வாரங்களிற் படிப்படியாக மாற்றுக.

சலமலம் கழிக்கும் இடம்: பூனையின் உடல்நீளத்தைப்போல் ஒன்றரை மடங்கு நீளமான தட்டத்தில் உலர்ந்த மணலை நான்கு விரற்கிடை உயரத்துக்கு இடுக. மணல் கிடையாதவிடத்து மரத்தூளையோ உமியையோ இட்டுப் பார்க்கலாம். பூனை அதனை வெறுத்தால் மணலுக்கே திரும்புக. பூனைகளின் தொகையிலும் ஒரு தட்டம் கூடுதலாக இருத்தல் நன்று. அமைதியான மூலையில் வைத்து, நாள்தோறும் கழிவை அகற்றுக. நெல்மூடைகள் வரும்போதும் அத்தட்டத்தை இடம் மாற்றலாகாது.

ஒளியவும் ஏறவும் இடம்: வெறும் அட்டைப்பெட்டியைப் பக்கவாட்டிற் சரித்து வைத்தால் அது நல்ல மறைவிடமாகும். அலுமாரியின் மேலோ யன்னலருகிலோ ஏறியமர ஒரு பலகை அமைக்கலாம். பல பூனைகள் உள்ள வீட்டில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே தீனிப்பாத்திரமும் உறங்குமிடமும் வேண்டும்.

நேரவொழுங்கு: நாள்தோறும் ஒரே நேரத்திற் தீனி கொடுக்க வேண்டும். நோன்பு மாதத்திற் பூனையின் பழைய நேரத்தையே கடைப்பிடிக்கலாம். அன்றேல் ஒரு வாரத்துக்கு முன்னரே சிறிது சிறிதாக மாற்றி, சஹர் வேளையிலும் நோன்பு திறக்கும் வேளையிலும் கொடுக்கப் பழக்கலாம். வீட்டார் வாடிக்குச் செல்ல நேரின், பூனைக்குப் பழக்கமான ஒருவரையே பராமரிக்க விடுதல் நன்று. விருந்தினர் கூடும் நாளில், நீர், தீனி, மணற்தட்டம் ஆகியவற்றோடு ஓர் அமைதியான அறையைப் பூனைக்கு ஒதுக்கிவிடுக.

வேட்டைப் பழக்கம்: வேட்டையாடுதல் பூனையின் பிறவிக்குணம். எலியில்லாத வீட்டில் அது சோம்பிப் பருக்கும். நூலிற் கட்டிய துணித்துண்டை இழுத்துக்காட்டி நாளுக்கு இருமுறை சில நிமிடங்கள் விளையாட விடலாம். விளையாட்டு முடிந்ததும் நூலை எடுத்து வைத்தல் வேண்டும். விழுங்கினாற் குடலைச் சிக்கவைக்கும்.

இம்முறைகள் எளியன என்பதாற் பயனற்றவை என எண்ணலாகாது. ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தினர் இந்நோயுள்ள 46 வீட்டுப் பூனைகளுக்கு இத்தகைய மாற்றங்களைச் செய்வித்து, 10 மாதங்கள் தொடர்ந்து கவனித்தனர். நோய்க்குறிகளும் அச்சக்குணமும் குறிப்பிடத்தக்க அளவு குறைந்தமை 2006 ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது.

செய்யத் தகாதவை

பூனையை அடித்தலும், சலம் கழித்த இடத்தில் அதன் மூக்கைத் தேய்த்தலும் கூடா. அச்சம் நோயை வளர்க்குமேயன்றித் தணிக்காது.

மனிதருக்குரிய நோவு மாத்திரை எதனையும் கொடுத்தலாகாது. பரசிற்றமோலைச் சிதைத்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. ஒரு 500 மில்லிகிராம் மாத்திரையே வளர்ந்த பூனையைக் கொல்லப் போதுமானது. நோவைத் தணிக்கும் மருந்தை, பூனையின் நிறையறிந்து வைத்தியரே கொடுக்க வேண்டும்.

மணற்தட்டத்தையும் நிலத்தையும் பினோல் கலந்த கிருமிநாசினித் திரவங்களாற் கழுவுதலும் பூனைக்குத் தீங்காகும். சவர்க்காரமும் வெந்நீரும் போதும்.

மரக்கறித் தோட்டக்காரர் கவனத்துக்கு

மணற்தட்டத்தின் கழிவைக் கத்தரி, மிளகாய், கீரைப் பாத்திகளிலோ கூட்டெருக் குழியிலோ கொட்டலாகாது. பூனையின் மலத்தில் இருக்கக்கூடிய ஒருவகை ஒட்டுண்ணி கருவிலுள்ள குழந்தைக்குக் கேடு விளைவிக்கும். மலம் வெளிப்பட்டு ஒருநாளேனும் கழிந்த பின்னரே அது தொற்றும் நிலையை அடைகின்றது; எனவே நாள்தோறும் அகற்றுதல் பூனைக்கும் மனிதருக்கும் நன்மை தரும். கழிவைத் தோட்டத்துக்கும் கிணற்றுக்கும் அப்பால் ஆழமாகப் புதைக்க வேண்டும். கருவுற்ற பெண்கள் இவ்வேலையைச் செய்யாதிருத்தல் நன்று. மற்றையோர் பின்னர் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவுதல் வேண்டும். கீரையையும் காய்களையும் நன்கு அலசிய பின்னரே உண்ண வேண்டும்.

முடிவுரை

நெல்மூடையில் சலம் கழித்த பூனையைத் துரத்துமுன் மூன்றைப் பார்க்க வேண்டும். சலத்தில் இரத்தம் உண்டா? அண்மையில் வீட்டில் மாறியது யாது? கடுவனாயின், சலம் வெளியேறுகின்றதா? முதல் இரண்டுக்கும் விடை கண்டால், நோயைத் தணிக்கும் வழி பெரும்பாலும் வீட்டார் கையிலேயே உள்ளது. ஒரு தட்டம் மணலும், ஒரு பீங்கான் நீரும், ஒழுங்கான நேரமும், அடிக்காத கையும் அதற்கு வேண்டியவை. மூன்றாவது வினாவுக்கு "இல்லை" என்பது விடையாயின், நாளை என்று தள்ளிவைத்தலாகாது. அன்றே வைத்தியரை நாடுதல் வேண்டும்.